பாறுகள் வாழும் பள்ளத்தாக்கில்

பயணக் கட்டுரை என்றதும் புனித மக்காவையோ இஸ்தான்புல்லையோ, குறைந்தபட்சம் ஆக்ராவையோ எதிர்பார்த்து இப்பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பதோ செத்த மாட்டைத் தின்னும் பறவைகள் வாழும் ஒரு முட்காட்டுக்கு. முகம் சுளிக்காமல் சற்றுத் தொலைவு உடன் வாருங்கள்.

என் தந்தையார் திண்டுக்கல்லில் பச்சைத் தோல் வாங்கி உப்பிட்டு அனுப்பும் சிறியதொரு மண்டி வைத்திருந்தார். நான் ஏழெட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஊருக்கு வெளியே செத்த மாட்டைத் தோலுரிக்கும் பொட்டலுக்கு ஒருநாள் என்னை மிதிவண்டியில் அழைத்துச் சென்றார். தோலை உரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் விலகியதுதான் தாமதம், எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் வானத்திலிருந்து கரிய பெரிய பறவைகள் இறங்கின. மயிரற்ற நீண்ட கழுத்து. விரித்தால் ஆள் உயரத்தையும் மிஞ்சும் சிறகு. நான் அத்தாவின் கைலியைப் பற்றிக்கொண்டேன். அரைமணி நேரத்தில் மாடு இருந்த இடத்தில் எலும்புக்கூடு மட்டும் இருந்தது. அத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதே. தோல் நமக்கு, கறி அதுக்கு, எலும்பு மில்லுக்கு. அவரவர் பங்கு அவரவருக்கு."

அந்தப் பொட்டலில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. அத்தாவும் மறைந்துவிட்டார். அந்தப் பறவைகளை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. என் மதரஸா மாணவர்களிடம் 'பிணந்தின்னிக் கழுகு' என்று சொன்னால் அவர்கள் ஏதோ கதையில் வரும் பிராணி என்றே எண்ணுகிறார்கள்.

ஆகவே, கோவையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் என் அக்காள் மகன், "மாமு, மசினகுடிப் பக்கம் பாறு பார்க்கப் போகலாமா? புது லென்ஸ் வாங்கியிருக்கிறேன்" என்று கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி நாங்கள் புறப்பட்டோம்.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அரசுச் சிற்றுந்தில் இருக்கையின் கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயில் திக்ரு தவிர வேறொன்றும் வராமல் இறங்கினோம். மேலே தேயிலையும் பனியும் குளிரும். ஒரு மணி நேரத்திற்குள் கீழே வெள்வேலும் முட்புதரும் புழுதியும். ஒரே மாவட்டத்திற்குள் இறைவன் இரண்டு நாடுகளைப் படைத்து வைத்திருக்கிறான் என்று சொல்லத் தோன்றும். மலையடிவாரத்தில் பரந்து கிடக்கும் இந்நிலத்திற்குச் சீகூர்ச் சமவெளி என்று பெயர். அதன் வடக்கே ஆழமான பள்ளத்தாக்கில் மாயாறு ஓடுகிறது. பைக்காராவாகப் பிறந்து, மாயாறாக வளர்ந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சென்று முடிகின்ற ஆறு அது. மேற்கே இருக்கும் முதுமலை 1940ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு; 2007இல் புலிகள் காப்பகமாயிற்று.

தமிழகத்தில் பாறுகள் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து வாழ்வது இன்று பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். நான்கு வகைகளை இங்கே காணலாம் என்கிறார்கள். வெண்முதுகுப் பாறு ஆற்றோர மரங்களில் கூடுகட்டும். கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை முகடுகளை நாடும். செந்தலைப் பாறு எண்ணிக்கையில் மிகக் குறைவு. மஞ்சள்முகப் பாறு அதைக் காட்டிலும் அரிது. திருக்கழுக்குன்றம் மலைமேல் நண்பகல்தோறும் உணவுண்ண வந்த இரண்டு பறவைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அவை இந்த மஞ்சள்முகப் பாறு வகையைச் சேர்ந்தவைதாம். 1990களின் இறுதிக்குப் பிறகு அவையும் வருவதில்லை.

முதல்நாள் சுபுஹுத் தொழுகையை அறையில் முடித்துவிட்டு, முன்னர் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணியாற்றிய இருளர் இனப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாலையோரமாக நின்றோம். காட்டுக்குள் இறங்க நமக்கு உரிமையில்லை. வண்டிகள் செல்லும் பொதுச்சாலையில் நின்று பார்க்கலாம், அவ்வளவே. அதிகாலையில் பாறுகளைத் தேடுவது வீண் என்றார் பெரியவர். "வெயில் ஏறட்டும் பாய். சூடு ஏறாம அதுக்கு றெக்கை தூக்காது." நிலம் சூடேறி வெப்பக் காற்று மேலெழும்பும்போதுதான் கனத்த உடல்கொண்ட இப்பறவை அதில் ஏறிச் சிறகடிக்காமலே உயரே செல்லும் என்பதை, அறிவியல் நூல் எதுவும் படிக்காத அம்மனிதர் இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் மற்ற வேட்டைப் பறவைகள் எங்களை மகிழ்வித்தன. மின்கம்பியில் ஒரு வல்லூறு, கையில் ஓணானுடன். ஓடைக்கு மேலே பாம்புக் கழுகொன்று கூவிக்கொண்டே வட்டமிட்டது. மருமகனின் கேமரா இடைவிடாமல் படபடவென்று சுட்டுத் தள்ளியது. எனக்குக் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. வரலாற்று வகுப்புத் தோழன் ஒருவனிடம் இரவல் வாங்கிய ஃபிலிம் கேமராவில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். சுருள் விலையும் கழுவும் கூலியும் சேர்ந்தால் ஒரு மாதக் கைச்செலவு போய்விடும். எனவே ஒரு பறவைக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. பிறகு கேமராவைத் தாழ்த்திவிட்டுக் கண்ணால் பார்ப்போம். மருமகனின் சிறு தகட்டிலோ பல ஆயிரம் படங்கள் கொள்ளுமாம். அவன் அந்த வல்லூறைத் தன் கண்ணால் பார்த்தானா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

பத்து மணிக்குமேல் வானத்தில் ஒரு புள்ளி. பிறகு மூன்று. பிறகு நான் எண்ணியவை பதினொன்று! மாயாற்றுப் பக்கமிருந்து எழுந்து, ஒரு சிறகசைவும் இன்றி, ஏதோ கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டில் ஏறுவதுபோல் வட்டமிட்டு ஏறின. சாய்ந்து திரும்பும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் அந்த வெண்மை பளிச்சிட்டது. ஏறக்குறைய நாற்பதாண்டுகளுக்குப் பின் அத்தாவின் கைலியைப் பற்றிக்கொண்ட சிறுவன் மீண்டும் என்னுள் வந்து நின்றான். கண்கள் கலங்கிவிட்டன, சொல்ல வெட்கமில்லை.

இங்கே சற்று நிறுத்தி, இப்பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. சுமார் 4 கோடி என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. 1990களில் அவை மரக்கிளைகளில் தலை தொங்கி உட்கார்ந்து, பொத்தென்று விழுந்து மடியத் தொடங்கின. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் இந்த வீழ்ச்சியை முதலில் பதிவு செய்தவர் விபு பிரகாஷ் என்னும் பறவையியலாளர். கொள்ளைநோய் என்று பலர் எண்ணினர். 2004ஆம் ஆண்டில்தான், பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் உண்மையைக் கண்டறிந்தனர். மாடுகளுக்கு வலி நீக்கப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அந்த மாடு இறந்தபின் அதன் கறி வழியாகப் பாறுகளின் வயிற்றுக்குப் போய் அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

இதைப் பேராசை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. நோயுற்ற பசுவின் வலியைத் தணிக்க ஊசி போட்ட குடியானவன் பாவமறியாதவன், அது இரக்கமே. ஆனால் உண்மை வெளிப்பட்ட பின்னர் நடந்தது வேறு. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தயாரிக்க இந்திய அரசு தடை விதித்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்ஸிகாம் என்னும் மாற்று மருந்தும் கைக்கெட்டியிருந்தது. அதற்குப் பிறகும் மனிதருக்கான டைக்ளோஃபினாக், 30 மில்லி கொள்ளும் பெரிய குப்பிகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பத்து மடங்குக் குப்பி யாருக்கு? மாட்டுக்குத்தான் என்று அதை விற்றவருக்குத் தெரியாதா? 2015இல் அரசு குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தபோது, அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்கும் தொடுத்தன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பாறுகளுக்குக் கேடான வேறிரண்டு மருந்துகளான அசெக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாறு போனால் நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. பாறுகளின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் போன்ற கொடிய நோய்க்கிருமிகளையும் அது எரித்துவிடும். அவை இல்லாத இடத்தில் செத்த மாடுகள் நீர்நிலையோரம் அழுகின, தெருநாய்கள் பெருகின, நாய்க்கடியும் வெறிநோயும் கூடின. பாறுகள் அருகிப்போனதால் 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இந்தியாவில் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கக்கூடும் என்று எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2024இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். மும்பையில் வாழும் பார்சிச் சமூகத்தார் தம் இறந்தோரின் உடலைப் பாறுகளுக்கு அளிப்பதைத் தம் சமயக் கடனாகப் போற்றி வந்தவர்கள். பறவைகள் மறைந்தபின் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை நிறுவ வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. நம் ஜனாஸாவைக் குளிப்பாட்டக் கிணற்றில் திடீரென்று நீரில்லாமல் போனால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களின் துயரம் விளங்கும்.

சரி, பயணத்திற்கு வருவோம்.

அன்று மாலை மருமகன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து முகம் சுருங்கினான். வானத்தில் கரும்புள்ளிகள், கழுத்தின் வளைவு இல்லை, கண்ணின் ஒளி இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் அருகில் வந்தார். "ரோட்டுல நின்னா என்ன பாய் கிடைக்கும்? கூட்டையே காட்டுறேன். உள்ள போறதுக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன். ரெண்டாயிரம் கொடுங்க."

'பாத்துக்கறேன்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஹலால் ஹராம் பாடம் நடத்துகிறவன் நான். கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. பெரியவரிடம் மறுநாள் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

விடியும் முன் ஜீப் சாலையை விட்டு விலகியது. எந்த ஊரைத் தாண்டி, எந்த ஓடையின் கரையில் என்று எழுதமாட்டேன். உங்களில் யாருக்கேனும் என்னைப் போன்ற மருமகன் இருக்கக்கூடும். ஓடைக்கரையில் வானளாவிய நீர்மருது மரங்கள். அவற்றில் ஒன்றின் உச்சிக் கவட்டையில் சுள்ளிகளாலான பெரிய மேடை. அதன்மேல், சற்றுக் குனிந்த கழுத்துடன், வெண்முதுகுப் பாறு ஒன்று அமர்ந்திருந்தது. எங்களைப் பார்த்தது. அசையவில்லை.

மருமகன் படமெடுத்தான். இலைகள் மறைத்தன. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் கண் தெளிவாக விழும்" என்று சொன்னது அவனல்லன், வாசகர்களே! நான். பத்தடி நகர்ந்தோம். மீண்டும் பத்தடி. காய்ந்த சுள்ளியொன்று என் காலடியில் முறிந்தது. அவ்வளவுதான். பாறு எழுந்து நின்று, கனத்த சிறகுகளை இரண்டுமுறை அடித்து, மரத்தை விட்டகன்றது. வெயில் ஏறாத அந்த நேரத்தில் அதனால் உயரே செல்ல இயலவில்லை; ஓடைக்கு அப்பால் தாழ்ந்து பறந்து மறைந்தது. "பறக்கிற படம் கிடைத்துவிட்டது மாமு!" என்று மருமகன் துள்ளினான். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு நிமிடம் சென்றிருக்கும். மரத்தின் மறுபுறத்தில் காகம் கரைந்தது. காட்டுக் காகம். ஒன்று, பிறகு இன்னொன்று. கூட்டின் விளிம்பில் வந்து அமர்ந்தன. கைதட்டினேன், கூச்சலிட்டேன். அவ்வளவு உயரத்தில் என் குரலைக் காகம் பொருட்படுத்துமா? நான் போட்ட கூச்சலில் திரும்பி வரவேண்டிய தாய்ப் பறவையும் வராமலிருந்திருக்கும் என்பது பின்னர்தான் உறைத்தது. ஓட்டுநர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க பாய், சத்தம் கேட்டா ஆள் வந்துடும். அது திரும்பி வந்துக்கும்."

காபில் தன் தம்பியைக் கொன்றுவிட்டுத் திகைத்து நின்றபோது, மண்ணைக் கீறிக் காட்டிப் பாடம் சொல்ல வந்தது ஒரு காகம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவர். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாடத்தை நான் எத்தனை முறை நடத்தியிருக்கிறேன் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்று பிற்பகல் தேநீர்க் கடையில் பெரியவரைக் கண்டேன். மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடித் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் சாலையைப் பார்த்திருந்தார்.

"வருசத்துக்கு ஒண்ணுதானே பாய் இடும்" என்றார்.

ஆம், ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் அது பறக்க மேலும் மூன்று மாதத்திற்கும் அதிகமாகும். அக்குஞ்சு வளர்ந்து தானொரு கூடு கட்ட ஐந்து ஆண்டுகள் ஆகலாம். 2023 பிப்ரவரியில் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 246 பாறுகள் தென்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் கணக்கெடுப்பில் 320. மூன்று மாநிலக் காடுகளுக்கும் சேர்த்து!

"இப்ப என்ன செய்யலாம் ஐயா?" என்றேன்.

"ஆபீசுல சொல்லுங்க. அந்த மரத்தை நாலு நாள் பாத்துக்குவாங்க. உங்களுக்கு அபராதம் போடுவாங்க. போட்டா கட்டுங்க."

மருமகன் இதை ஒப்பவில்லை. "நாம் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் மாமு? என் வேலைக்கு ஏதும் வந்தால்?" என்று அறைக்குள் நெடுநேரம் வாதாடினான். அவன் அச்சத்தில் நியாயம் இருந்தது. உள்ளே போவதற்குப் பணம் கொடுத்தவன் நான் என்பதால் அவன் பெயரை விடுத்து என் பெயரை மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று. கேமரா யாருடையது என்று அவர்கள் கேட்டால் பொய் சொல்லப் போவதில்லை என்றும் அவனிடம் சொன்னேன். மறுநாள் காலை வனச்சரக அலுவலகத்திற்குப் போனேன். எழுதி வாங்கினார்கள். அபராதம் செலுத்தினேன். கேமரா யாருடையது என்று கேட்டார்கள், சொன்னேன். படங்களைப் பார்த்துவிட்டு, கூட்டின் படங்களை வெளியிடக்கூடாது என்று கையொப்பம் பெற்றுக்கொண்டார்கள். ஓட்டுநரைப் பற்றியும் கேட்டார்கள். அவருக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் என்று முந்தைய நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். வண்டி எண்ணைச் சொன்னேன். அதைச் சொன்னது சரியா என்று இன்றும் என் உள்ளம் இருபுறமும் சாய்கிறது. அவர் கேட்டது இரண்டாயிரம், கொடுத்தது நான்.

இந்தச் சமவெளியின் கதையே அதுதான் என்று அந்த அலுவலகத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தோன்றிற்று. யானைகள் கடக்கும் வழியில் விடுதிகளைக் கட்டினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பலவற்றை மூடி முத்திரையிட ஆணையிட்டது. 2020இல் யானை வழித்தடத்தை உறுதிப்படுத்தித் தீர்ப்பும் தந்தது. கட்டியவர்களைக் குறை கூறுகிறோம். யானையை அறைச் சன்னலிலிருந்தே பார்க்க வேண்டும் என்று பணத்தை நீட்டியவர்கள் யார்? எங்கோ ஒரு விடுதியில் நம் குடும்பங்களும் விடுமுறைக்குத் தங்கியிருக்கக்கூடும்.

ஊர் திரும்பி இரண்டு வாரங்கள் கழித்துப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசினேன். காவலர்கள் அந்த மரத்தைத் தொலைவிலிருந்து கவனித்ததாகவும், கூட்டில் பறவை வந்து உட்கார்வதைப் பார்த்ததாகவும் சொன்னார். அடைகாக்கிறதா, வெறுமனே உட்கார்கிறதா என்று கேட்டேன். "கீழே இருந்து பாத்தா எப்படித் தெரியும் பாய்? ஏறிப் பாக்கவா முடியும்?" என்றார்.

மருமகன் என்னுடன் பேச ஒரு மாதம் ஆயிற்று. பிறகொரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் வீட்டிற்கு வந்து, அன்றைய படங்கள் அனைத்தையும் மடிக்கணினியில் திறந்தான். 412 படங்கள். பாறு எழுந்து பறக்கும் காட்சி உண்மையிலேயே அழகு. ஒவ்வோர் இறகும் தனித்தனியே தெரிகிறது. அதற்கு அடுத்து வருபவற்றுள், நான் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவன் தன்னையறியாமல் அழுத்திய படம் ஒன்று. கூட்டின் விளிம்பில் காகம் இருக்கிறது. அதன் அலகருகே வெண்மையாக ஏதோ ஒன்று. பெரிதாக்கினால் கலைந்துவிடுகிறது. முட்டை ஓடாக இருக்கலாம். வெயில் பட்ட மருத இலையாகவும் இருக்கலாம். இருவரும் மாறி மாறி உற்றுப் பார்த்தோம். அஸர் பாங்கு கேட்டது. அவன் மடிக்கணினியை மூடினான்.